ஸ்கூல் ஆர்கெஸ்ட்ரால சேர்த பிள்ளைட்ட என்னத்த எதிர்பாக்காவ, ஏன் இவ்ளோ கண்டிப்பு?

தங்கச்சி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். மகன் ஒம்பதாப்பு, ஸ்கூல்ல புதுசா ஆரம்பிச்ச ஆர்கெஸ்ட்ரா கிளாஸ்ல வயலினுக்கு பேரு குடுத்திருக்கான், ரெண்டு பக்கத்துக்கு ஒரு பேப்பர் குடுத்து அப்பா அம்மா கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்லிருக்காவ, அதுல வாரத்துக்கு மூணு நாள் காலைல ஏழரைக்கு வரணும், வீட்ல தினம் அர மணி நேரம் வாசிக்கணும், கச்சேரிக்கு வராம இருக்கப்பிடாது, பென்சில் இல்லாம உள்ள வரப்பிடாதுன்னுலாம் போட்டிருக்கு, இதுக்கு பப்ளிக்ல மார்க்கா வரப்போவுது எதுக்கு இந்தப் பாடுன்னு கேட்டிருக்கிய. உங்க வீட்டுக்காரர் வேற "கோயில் கொடைக்கு ராத்திரி பாட்டு போடுவானுவளே அந்த ஆர்கெஸ்ட்ராவா"ன்னு கேட்டாராம்.

அவர் கேட்டதுல தப்பே இல்ல. நம்ம பக்கம் ஆர்கெஸ்ட்ரான்னா அதான், ரெண்டு கீபோர்டு ஒரு பேடு நாலு பாடகர், கொடைக்கு மேடை போட்டு விடிய விடிய பாட்டு. இது வேற. வயலின் ஒரு பத்து பன்னெண்டு, அதுலயே பஸ்ட் வயலின் செகண்ட் வயலின்னு ரெண்டு கூட்டம், அதுக்கு கீழ வயலின் சாதியிலயே பெருசு பெருசா வயோலா, செல்லோ, டபுள் பேஸ், வசதியிருந்தா புல்லாங்குழல் கிளாரினெட் டிரம்பெட்டு, எல்லார் முன்னாடியும் சொரம் எழுதி வச்ச நோட்டு, நடுவுல ஒருத்தர் கைய ஆட்டுவாரு. 2025 மார்ச் 8 லண்டன்ல இளையராஜா சிம்பொனி அரங்கேறுன பொறவு நம்ம பக்கமும் இந்த வார்த்தைக்கு ரெண்டாவது அர்த்தம் ஒண்ணு வந்திருக்கு, எங்கிட்ட விசாரிக்க வார அப்பா அம்மா கூட்டமும் அதுக்கப்புறம் கூடிப்போச்சு. நான் பாளையங்கோட்டைல பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கு வயலின் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சு 22 வருசம் ஆவுது, அதுல 14 வருசம் ஸ்கூல் ஆர்கெஸ்ட்ராவும் நடத்துதேன், அதனால உங்க பேப்பர்ல உள்ளத எழுதுன வாத்தியார் மனசுல என்ன இருந்திருக்கும்னு எனக்கு நல்லாவே தெரியுது.

மார்க் விசயத்த மொதல்ல முடிச்சிருவோம். கிடையாது. பத்தாப்பு பப்ளிக்ல ஒரு மார்க் கூட இதால வராது, வரும்னு யாராவது சொன்னா நம்பாதிய. அமெரிக்கால எங்க சித்தி பேத்தி படிக்கா, அங்க ஹைஸ்கூல்ல ஆர்கெஸ்ட்ரா ஒரு பாடமாவே உண்டு, கணக்கு சயின்ஸ் மாதிரி டைம்டேபிள்லயே பீரியடு, கிரெடிட்டு, கிளாஸ்ல வாசிச்சதுக்கு தனி மார்க், தனியா வாசிச்சுக் காட்டுத டெஸ்டுக்கு தனி மார்க், கச்சேரிக்கு வரலேன்னா அதுலயும் மார்க் போயிரும். அங்க ஆர்கெஸ்ட்ரா கிளாஸ்னா பெரும்பாலும் நரம்பு வாத்தியம் மட்டுந்தான், ஊதுத வாத்தியத்துக்கு பேண்டுன்னு வேற கிளாஸ். அவ ஸ்கூல்ல குடுத்த நோட்டீச அனுப்பி வச்சா பாத்தேன், உங்க பேப்பருக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் ஒண்ணுமில்ல, மார்க்குன்னு ஒரு கம்பு அவங்க கைல இருக்கு, நம்ம கைல இல்ல, அதான் நம்ம வாத்தியாருங்க கையெழுத்து வாங்கி வச்சிக்கிடுதாவ.

இப்ப விசயத்துக்கு வாரேன். நான் புதுசா வார பிள்ளையளுட்ட மொத நாள் சொல்லுதது இதான், வீட்ல கை பழகணும், இங்க காது பழகணும். விரல் எங்க வைக்கணும், வில்லு எம்புட்டு இழுக்கணும், அந்த வேகமான நாலு பார்ல (பார்னா நோட்டுல கோடு போட்டுப் பிரிச்ச ஒரு தாளச் சுத்து) மூணாவது விரல் ஏன் தடுக்குது, இதெல்லாம் வீட்டு வேல. கிளாஸ்க்கு வந்தா தனக்குன்னு எழுதுன பார்ட்டு கைல தானா ஓடணும், காது பக்கத்துல இருக்கவன் மேலயும், பின்னாடி செல்லோ மேலயும், கண்ணு கைய ஆட்டுத மனுசன் மேலயும் இருக்கணும். வீட்டு வேலய கிளாஸ்ல வந்து செய்யுத பிள்ளைக்கு காது பழகவே பழகாது, ஏன்னா அவன் காது பூரா அவன் விரலுலயே கெடக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. கிளாஸ்ல 30 பேரு. ஒரு பய அந்த நாலு பார வீட்ல பாக்காம வந்துட்டான், அங்கன வச்சு அவனுக்கு சொல்லிக் குடுக்க அஞ்சு நிமிசம் ஆவுது. அந்த அஞ்சு நிமிசமும் 30 பேரும் அங்கதான இருக்காவ, ஆக 150 நிமிசம் போச்சு, ரெண்டரை மணி நேரம். டியூசன்ல ஒருத்தன் வீட்டுப்பாடம் எழுதலேன்னா அவனுக்குத்தான் நட்டம், இங்க அப்படி இல்ல, அந்த பேப்பர்ல உள்ள அத்தன கண்டிப்பும் இந்த ஒரு கணக்குலேருந்து வந்ததுதான்.

அர மணி நேரம்னா ஞாயித்துக்கெழம மூணர மணி நேரம் மொத்தமா வாசிச்சு கணக்க தீத்துக்கிடலாமான்னு ஒரு பய எங்கிட்ட கேட்டான், நல்ல மூள, வக்கீலா வருவான். நடக்காது. ஒரே நாள்ல மூணு மணி நேரம் வாசிச்சா தோளு வலிக்கும், தப்பா வாசிச்சது தப்பாவே கைல பதியும், புதன்கெழம வரும்போது பாதி மறந்திருக்கும். தினம் 30 நிமிசம், அதுல மொத 5 நிமிசம் விரலே வைக்காம வெறும் நரம்புல நீளமா வில்லு இழுக்கணும், பத்து நிமிசம் ஸ்கேலு (சொர வரிசை), மிச்சம் 15 நிமிசம் பார்ட்டுல வராத எடம் மட்டும். வார எடத்த திரும்பத் திரும்ப வாசிச்சு அம்மாவ சந்தோசப்படுத்துத பிள்ளையளுதான் நெறைய, நீங்க அடுக்களைல இருந்துகிட்டே கவனிச்சா தெரிஞ்சிரும், ஒரே பாட்டு அழகா கேட்டுக்கிட்டே இருந்தா அவன் பிராக்டிஸ் பண்ணல, கேக்கச் சகிக்காம ஒரே எடம் பைய பைய பத்து தடவ வந்தா அதான் பிராக்டிஸ். தாளம் தட்டுத மெட்ரனோம் ஆப்பு போன்ல சும்மாவே கெடைக்கும், நிமிசத்துக்கு 60ல ஆரம்பிச்சு தடுக்காம வந்தா மட்டும் நாலு கூட்டணும். மொத ஆறு மாசம் பூனைய வால மிதிச்ச மாதிரி சத்தம் வரும், பக்கத்து வீட்ல கேப்பாவ, நாலு முறுக்கு குடுத்து சமாளிச்சிக்கிடுங்க.

பென்சிலுக்கு வாரேன், நீங்க ரொம்ப சிரிச்ச விசயம் அதுதானே. ஆர்கெஸ்ட்ரா ஒண்ண வீடியோல பாத்தியன்னா வயலின் கூட்டத்துல அத்தன வில்லும் ஒரே நேரத்துல மேல போவும் ஒரே நேரத்துல கீழ வரும், நாத்து நடுத மாதிரி வரிசையா. அது அழகுக்கு மட்டும் இல்ல, வில்ல கீழ இழுக்கும்போது ஆரம்பத்துல சத்தம் தெம்பா இருக்கும், மேல தள்ளும்போது பைய வளரும், ஆளுக்கொரு பக்கம் இழுத்தா ஒரே சொரம் பத்து விதமா கேக்கும். எந்த சொரத்துக்கு எந்தப் பக்கம்னு மொத நாற்காலில இருக்க லீடர் முடிவு பண்ணுவான், மத்தவங்க அத அப்பவே நோட்டுல குறிக்கணும், பேனால குறிக்கப்பிடாது, ஏன்னா அடுத்த வாரம் மாத்துவோம். கீழ இழுக்கதுக்கு அடையாளம் நம்ம ப எழுத்த கவுத்துப் போட்ட மாதிரி இருக்கும், மேல தள்ளுததுக்கு இங்கிலீசு வி. அதுக்கு பேரு டவுன் போ, அப் போ, போன்னா இங்கிலீசுல வில்லு. மொத நாள் நான் "எல்லாரும் டவுன் போ"ன்னு சொன்னதும் ஒரு பய எந்திரிச்சு "எதுக்கு சார் டவுனுக்கு, நெல்லையப்பர் கோயிலுக்கா"ன்னு கேட்டான், அன்னையிலேருந்து எங்க கிளாஸ்ல டவுன் போ வந்தா "ஜங்சன் வழியா"ன்னு பின்னாடி இருந்து ஒரு சத்தம் வரும், நானும் விட்டுட்டேன்.

பென்சில் கொண்டு வராத பய என்ன செய்வான், "ஞாபகம் வச்சிக்கிடுதேன் சார்"னு சொல்லுவான். ஞாபகம் இருக்காது. போன வருசம் ஒருத்தன், எல்லாரும் கீழ இழுக்கும்போது அவன் மட்டும் மேல தள்ளி பக்கத்துல இருந்த பிள்ளையோட கண்ணாடிய தட்டி விட்டுட்டான், கண்ணாடி செல்லோக்காரன் காலடில போய் விழுந்துச்சு, செல்லோல தரையில குத்தி நிக்க ஒரு முள்ளு உண்டு பாருங்க, அவன் அத அப்பத்தான் தூக்கி வைக்க, கண்ணாடி ரெண்டா போச்சு. 2 ரூவா பென்சில் 1800 ரூவா வேல பாத்துச்சு.

ரெண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டுதான் குடுப்பாவ, அதுலயும் ஒரு மொற உண்டு. மேடைல ஜனங்க பக்கமா உக்காந்திருக்கவன் வாசிச்சிக்கிட்டே இருப்பான், உள்பக்கம் இருக்கவன் பக்கத்த திருப்பணும். புதுசா வார பிள்ளைக்கு உள்பக்கந்தான் கெடைக்கும், "எம்பிள்ளைய பக்கம் திருப்ப வச்சிட்டாவ"ன்னு வருத்தப்படாதிய, திருப்புததுக்கு ரெண்டு பார் முன்னாடியே கைய எடுக்கணும், சத்தம் வரப்பிடாது, திருப்பிட்டு சரியான எடத்துல திரும்ப சேரணும், அது ஒரு வேலதான்.

இதே மாதிரி வருத்தத்தோட ஒரு அம்மா எங்கிட்ட சண்டைக்கே வந்தாவ, அத சொல்லித்தான் ஆவணும். அவிய மகன நான் வயலின்ல இருந்து வயோலாவுக்கு மாத்திட்டேன், கை நீளம், பொறுமையான பய. வயோலா வயலின விட கொஞ்சம் பெருசு, நரம்பு சுருதி இன்னும் கீழ, இங்கிலீசு சொரப் பேருல சொன்னா வயலின்ல கீழ இருந்து ஜி டி ஏ ஈ, வயோலால சி ஜி டி ஏ, நோட்டும் வேற விதமா எழுதியிருக்கும். பாட்டு பூரா பஸ்ட் வயலின்ல போவும், வயோலாக்காரனுக்கு பெரும்பாலும் நடுவுல "ம்-சக்க, ம்-சக்க"தான். அந்த அம்மா ஒரு நாள் வெளில நின்னு கேட்டுட்டு உள்ள வந்து "சார், எல்லாருக்கும் பாட்டு குடுத்திருக்கிய, எம்பிள்ளைக்கு மட்டும் ஒரே சொரத்த குடுத்து தேய்க்க விட்டிருக்கிய, அவன் என்ன சட்னியா அரைக்கான்"னாவ. பிள்ளையளு எல்லாம் சிரிக்கி, அந்த பயலுக்கு மூஞ்சி செவந்து போச்சு.

நான் ஒண்ணும் பதில் சொல்லல, அவியள நாற்காலி போட்டு உக்கார வச்சேன். அதே எட்டு பார வயோலா மட்டும் நிறுத்திட்டு மத்தவங்கள வாசிக்கச் சொன்னேன். பாட்டு இருக்கு, அடில செல்லோ இருக்கு, நடுவுல பல்லு விழுந்த மாதிரி ஒரு ஓட்ட, வயலின் வேற தாளம் தெரியாம ஓட ஆரம்பிச்சிட்டு. அப்புறம் வயோலா மூணு பேர மட்டும் மொதல்ல ஆரம்பிக்கச் சொல்லி, நாலாவது பார்ல மத்தவங்கள சேத்தேன். அந்தம்மா நாங்குநேரி பக்கத்து ஆளு, வில்லுப்பாட்டு கேட்டு வளந்தவ, அவியளே சொன்னாவ, "ஓ, கொடம் அடிக்கவன் மாதிரியா". ஆமா அதேதான். வில்லுல அண்ணாவி கத சொல்லுவாரு, ஜனம் அவர் மூஞ்சியத்தான் பாக்கும், ஆனா கொடமும் உடுக்கும் பின்னாடி இருந்து "ஆமா" போடுதவரும் இல்லேன்னா அவரால பத்து நிமிசம் தாங்க முடியுமா? கணியான் கூத்துல மகுடம்னு கொட்டு ரெண்டு உண்டு, ஒண்ணு உச்சம் ஒண்ணு மந்தம், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பதில் சொல்லாம சுடலைக்கு ஆட்டம் ஏது. நமக்கு இதெல்லாம் புதுசு இல்ல, பேருதான் புதுசு.

எனக்கு பார்ட் சின்னதா இருக்கேன்னு உங்க மகனும் ஒரு நாள் வந்து சொல்லுவான், செகண்ட் வயலின்ல போட்டா கண்டிப்பா சொல்லுவான். செகண்ட் வயலின் ரெண்டாந்தரம் இல்ல, ஆனா அத அவனே வாசிச்சுத்தான் புரிஞ்சிக்கிடணும், நாம சொன்னா கேக்க மாட்டானுவ.

அப்புறம் சும்மா இருக்குதது. இதான் எல்லாத்துலயும் கஷ்டம், பேப்பர்ல இத எழுதியும் இருக்க மாட்டாவ. நோட்டுல 16 பார் ரெஸ்ட்டுன்னு போட்டிருந்தா 16 பார் வாசிக்காம எண்ணிக்கிட்டே இருக்கணும். ஒண்ணு ரெண்டு மூணு நாலு, ரெண்டு ரெண்டு மூணு நாலு, மூணு ரெண்டு மூணு நாலுன்னு மொத எண்ண மட்டும் பார் கணக்குக்கு மாத்திக்கிட்டே போவணும். நான் பிளஸ் ஒன் படிக்கையில எங்க ஊர் சர்ச்சுல கிறிஸ்மஸ் கேரல், கொயர் கூட நாலு வயலின், அதுல நான் ஒருத்தன், எனக்கு ஒரு எடத்துல 16 பார் ரெஸ்ட். எண்ணிக்கிட்டே இருந்தவன் எங்க மாமா மகள் வெள்ள சேலைல மெழுகுதிரியோட உள்ள வாரத பாத்துட்டேன். அவ்ளோதான், பதினாலாவது பாரா பதினஞ்சாவது பாரான்னு சந்தேகம் வந்துட்டு. தைரியமா வில்லப் போட்டேன், ஒரு பார் முன்னாடி. கொயர் அப்பத்தான் மூச்ச பிடிச்சு நிப்பாட்டியிருக்கு, சர்ச்சே கம்முன்னு இருக்கு, அந்த அமைதில நான் ஒத்த ஆளா "கிர்ர்ர்"னு ஒரு ஏ. கொயர் மாஸ்டர் திரும்பிப் பாக்கல, அவர் காது மட்டும் செவந்துச்சு. எங்க மாமா மகள் இன்னைக்கும் சொல்லிக் காட்டுதா, கல்யாணம் ஆயி 20 வருசம் ஆவுது, வேற யாரையும் கட்டிருந்தா இந்தப் பேச்சு கேக்க வேண்டாம்.

அதுனால நான் பிள்ளையள்ட்ட சொல்லுதது, கணக்கு தப்பிட்டா ஊகத்துல உள்ள வராத, லீடர் வில்ல தூக்குதான்னா நீயும் தூக்கு. வாசிக்காம விட்ட ஒரு சொரத்த யாரும் கேக்க மாட்டாவ, தப்பா விழுந்தத மதுரை வரைக்கும் கேக்கும்.

இதோட சேந்ததுதான் கிளாஸ்ல வாய மூடுதது. கையத் தூக்குனா சத்தம் நிக்கணும், அந்த நேரத்துல நரம்ப "டிங் டிங்"னு மீட்டப்பிடாது. நான் செல்லோக்கு சொல்லிக்கிட்டு இருக்கும்போது வயலின்காரன் சினிமா பாட்டு தேய்க்கப்பிடாது, அவனுக்கு உள்ளதும் அதுல இருக்கு, கேக்கட்டும். சுருதி சேக்கும்போதும் அப்படித்தான், கீபோர்டுல 440 ஹெர்ட்ஸ்ல ஏ சொரம் குடுப்போம், பெரிய ஆர்கெஸ்ட்ரால ஓபோன்னு ஒரு வாத்தியம் குடுக்கும், அந்த நேரம் பூரா ஆளுவளும் வாய மூடி அந்த ஒத்த சொரத்தக் கேட்டு முடுக்கணும். டியூனர் ஆப்புல பச்ச லைட்டு எரிஞ்சா போதும்னு நெனைக்கானுவ. லைட்டு கண்ணுக்கு, சுருதி காதுக்கு.

வாத்தியத்த பேணுதது நம்ம ஊருக்குன்னு தனியா சொல்லணும், ஏன்னா யூடியூப்ல சொல்லுதவன் யாரும் சித்திரை மாச பாளையங்கோட்டை வெயில பாத்தவன் இல்ல. வயலின ஒட்டியிருக்கது வஜ்ரம் மாதிரி பசை, சூட்டுல இளகும். வேணும்னுதான் அப்படி ஒட்டுதாவ, நாளைக்கு ரிப்பேருன்னா மரம் உடையாம பிரிக்கணும்லா. கார் டிக்கில, பைக் டாங்க் மேல, மொட்ட மாடி ரூம்ல வச்சா ஓரம் விட்டுரும். விட்டா வீட்ல யாரும் ஃபெவிக்விக் போட்டு ஒட்டிராதிய, அப்புறம் எந்த ரிப்பேர்காரனாலயும் பிரிக்க முடியாது. மழக்காலத்துல மரம் ஊதி, நரம்ப முறுக்குத முடுக்காணி இறுகிரும், காஞ்ச காத்து அடிக்கும்போது சுருங்கி தானா வழுக்கும், ரெண்டுக்கும் பலத்த காட்டப்பிடாது, வாத்தியார்ட்ட குடுங்க. நாலு நரம்பையும் ஒரே நேரத்துல தளத்தப்பிடாது, உள்ள ஒரு சின்ன கம்பு நிக்கும், ஒட்டாம சும்மா இறுக்கத்துல நிக்குதது, அது விழுந்துரும். வாசிச்சு முடிச்சா வில்ல தளத்தணும், நரம்புல வெள்ளையா படிஞ்ச ரோசின் (நரம்ப பிடிக்கதுக்கு வில்லுல தேய்க்குத பிசின்) பொடிய துணியால தொடைக்கணும், வில்லோட மயிர கையால தொடவே பிடாது. அல்வா தின்ன கையோட ஒருத்தி வில்ல புடிச்சா, ஒரு பக்கம் மயிரு பூரா நெய்யி, அதுக்கப்புறம் எம்புட்டு ரோசின் தேச்சாலும் நரம்ப பிடிக்கல, மயிர மாத்தத்தான் வேண்டியிருந்துச்சு. கிளாஸுக்கு முன்னாடி கை கழுவணும்னு போட்டிருந்தா அதுக்கு பின்னாடி இப்படி ஒரு அல்வா கத இருக்கும். இடது கை நகம் ஒட்ட வெட்டியிருக்கணும், அது தினப்படி.

2023 டிசம்பர் 17, 18 மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்க ரூம் தரத்தளம், கிறிஸ்மஸ் கச்சேரிக்கு ஒரு வாரம் இருக்கு, எல்லா செல்லோவும் ஒரு பேஸும் அங்கதான். எனக்கு வீட்ட விட்டு எறங்க முடியல, போனும் கெடைக்கல. ஸ்கூலுக்கு பக்கத்துலயே வீடு உள்ள பத்தாப்பு பய ஒருத்தன், பேஸ் வாசிக்கவன், யாரும் சொல்லாமலே வாட்ச்மேன கூட்டிட்டு முழங்கால் தண்ணில போய் ஒவ்வொண்ணா மாடிக்கு தூக்கியிருக்கான். பேஸு அவன விட உசரம், அத ரெண்டு பேருமா படில ஏத்தியிருக்காவ. ஒரே ஒரு செல்லோதான் நனஞ்சிச்சு, பின்பலகை அப்படியே புஸ்தகம் மாதிரி விரிஞ்சு போச்சு. அந்தப் பய அப்படி ஒண்ணும் பெரிய வாசிப்புக்காரன் கிடையாது, சுருதி இன்னைக்கும் கொஞ்சம் கீழதான் நிக்கும். ஆனா வருசக் கடைசில லீடர் யாருன்னு போட வேண்டி வந்தப்ப எனக்கு யோசிக்கவே தோணல.

உங்க மகன் ஆறாப்புல இருந்து பாட்டு வாத்தியார்ட்ட கர்நாடக வயலின் படிச்சிருக்கான்னு கடைசில ஒரு வரி எழுதியிருந்திய, அது நல்லதா கெட்டதான்னு. நல்லதுதான், ஆனா மொத மூணு மாசம் அவனுக்குத்தான் மத்தவங்கள விட கஷ்டமா இருக்கும். தரைல சம்மணம் போட்டு, வயலின் தலய கால்ல ஊணி, ச-ப-ச-பன்னு சுருதி சேத்து பழகுன கை அது, இங்க நாற்காலி நுனில நிமிந்து உக்காந்து தோளுக்கும் தாடைக்கும் நடுவுல புடிக்கணும், நரம்பு வேற சுருதி. அத விட பெருசு கமகம், சொரத்துக்கு சொரம் வழுக்கிப் போய்ப் பழகுன விரலு, இங்க ஒவ்வொரு சொரத்துலயும் நேரா போய் நிக்கணும், பத்து பேரு நேரா நிக்கும்போது ஒருத்தன் மட்டும் வழுக்குனா தனியா கேட்டுரும். காது மட்டும் அவனுக்கு ஏற்கெனவே இருக்கும், அது பெரிய சொத்து. சர்ச் கொயர்ல இருந்து வார பிள்ளையளுக்கு நேர் எதிரு, நாலு குரல் பாட்டு கேட்டு வளந்ததால பக்கத்துல வேற சொரம் போனாலும் தன் சொரத்துல நிப்பானுவ, ராகம்னா முழிப்பானுவ. ரெண்டு கூட்டத்தையும் ஒரே ஸ்டாண்டுல மாத்தி மாத்தி உக்கார வச்சிருவேன் நான்.

பழைய வாத்தியார் "அத விட்டுட்டு இங்கிலீசு வாசிக்கப் போறியா"ன்னு கோவிச்சாருன்னா எட்டயபுரத்த ஞாபகப்படுத்துங்க. முத்துசாமி தீட்சிதரோட தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786–1858) மெட்ராஸ்ல ஐரோப்பிய வாத்தியார்ட்ட வயலின் படிச்சு அத நம்ம சங்கீதத்துக்கு கொண்டு வந்தவரு, அப்புறம் நம்ம எட்டயபுரத்துலதான் சமஸ்தான வித்வானா இருந்தாரு. அண்ணன் முத்துசாமி தீட்சிதர் வெள்ளக்கார மெட்டுகளுக்கே சாகித்யம் போட்டு வச்சிருக்காரு, நோட்டுசொரம்னு பேரு, சின்னப் பிள்ளையளுக்கு இன்னைக்கும் சொல்லிக் குடுக்காவ. அங்கேருந்து இங்க வந்த வாத்தியந்தான், போய்ட்டு வரட்டும்.

லீவு விசயம். பங்குனி உத்திரத்துக்கு அவங்கவங்க சாஸ்தா கோயிலுக்கு போவாம இருக்க முடியாது, எனக்கே முடியாது, அன்னைக்கு கிளாஸ் வச்சா நாற்காலிதான் இருக்கும். குலசை தசராவுக்கு மால போட்ட பய உண்டு, அவன் வேசம் கட்டணும், போவட்டும். ஊர்க் கொடை, அக்கா கல்யாணம், எல்லாம் சரி. ஆனா ரெண்டு வாரம் முன்னாடியே சொல்லணும், அன்னைக்கு காலைல வாட்சப்புல "சார் அவனுக்கு வயிறு சரியில்ல"ன்னு போடப்பிடாது, சாயங்காலம் அதே போன்ல குத்தாலத்துல அருவில நிக்க ஸ்டேட்டஸும் போடப்பிடாது. ஒரு வயலின் கொறஞ்சா சமாளிக்கலாம், ஒத்த கிளாரினெட்டு, ஒத்த பேஸு வரலேன்னா அன்னைக்கு கிளாஸ் பாதி வீண். கச்சேரி நாள் மட்டும் பேச்சுக்கே எடமில்ல, கச்சேரியும் அதுக்கு முந்தின ரெண்டு ஒத்திகையும் வந்தே ஆவணும். கருப்பு பேண்ட், வெள்ள சட்ட, கருப்பு சூ, கருப்பு சாக்ஸ், சாக்ஸ் எதுக்குன்னா உக்காரும்போது பேண்ட் மேல ஏறும், மேடைல வரிசைல ஒருத்தன் மட்டும் ரோஸ் சாக்ஸ்ல இருந்தா ஜனம் அதத்தான் பாக்கும். சூ இல்லாத பிள்ளைக்கு ஸ்கூல்லயே ரெண்டு மூணு சோடி வச்சிருப்போம், வாங்க முடியலேன்னா கூச்சப்படாம சொல்லுங்க, அதுக்காக பிள்ளைய வீட்ல நிறுத்திராதிய.

பத்தாப்பு வருசம் நிறுத்திரலாமான்னு நீங்க கேக்கல, ஆனா அடுத்த வருசம் கேப்பிய, அதனால இப்பமே சொல்லிருதேன். எங்கிட்ட பத்தாப்பு பிள்ளையளுக்கு கிறிஸ்மஸ் கச்சேரி முடிஞ்சதும் ஜனவரில இருந்து லீவு, பப்ளிக் முடிஞ்சு ஏப்ரல்ல வந்தா போதும், வீட்ல மட்டும் பத்து நிமிசம் தொடச் சொல்லுவேன். உங்க ஸ்கூல்லயும் அப்படித்தான் இருக்கும், கேட்டுப் பாருங்க. ஜூன்லயே நிறுத்துனவன் திரும்ப வந்ததா எனக்கு ஞாபகம் இல்ல, வாத்தியம் அலமாரி மேல ஏறிரும், ஏறுனா எறங்காது. அந்த அர மணி நேரத்துல அவன் கணக்கு போட்டிருப்பான்னு நீங்க நம்புனா அது உங்க நம்பிக்க, நான் ரெண்டு பிள்ளைய வளத்தவன், எனக்கு அந்த நம்பிக்க இல்ல.

மாசத்துக்கு ஒருக்க தனியா வாசிச்சுக் காட்டச் சொல்லுவாவ, அதப் பாத்து பயப்பட வேண்டாம். எல்லார் முன்னாடியும் வச்சா பிள்ளைய நடுங்குது, நான் வீட்ல வாசிச்சு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிட்டேன், அதுல ஒரு லாபம், நல்லா வரணும்னு இருவது தடவ எடுப்பானுவ, இருவது தடவ பிராக்டிஸ் ஆயிரும், அது அவனுவளுக்கு தெரியாது. தெறம இருக்கா இல்லையான்னு பாக்குத டெஸ்டு இல்ல அது, போன மாசத்துக்கு இந்த மாசம் நகந்திருக்கானான்னு பாக்குதது. ஒம்பதாப்புல சேர்ற பிள்ளை வந்த உடனே அழகா வாசிக்கணும்னு எந்த வாத்தியாரும் எதிர்பாக்க மாட்டாரு. லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்துத கிரேடு பரீட்சைக்கு போவணுமான்னா அது தனி ரூட்டு, எட்டு கிரேடு வரைக்கும் உண்டு, ஆசையிருந்தா போவட்டும், ஆர்கெஸ்ட்ராவுக்கு அது கட்டாயமில்ல.

உங்க ரெண்டு பேருட்ட எதிர்பாக்கது ரொம்ப கொஞ்சந்தான். ஏழரன்னா ஏழரைக்கு வந்து எறங்குதது இல்ல, ஏழரைக்கு சுருதி சேத்து உக்காந்திருக்கது, அப்ப வண்டி ஏழு இருவதுக்குள்ள கேட்டுக்கு வரணும். வீட்ல வாசிக்கும்போது "அந்த சினிமா பாட்டு ஒண்ணு வாசிடே"ன்னு விருந்தாளி முன்னாடி நிறுத்தாதிய, மொத வருசம் வேண்டாம்.

வயலின் இன்னும் வாங்கலேன்னு எழுதியிருந்திய. அவசரப்பட்டு ஆன்லைன்ல 3000 ரூவாக்கு ஒண்ண தட்டி விட்டுராதிய, அதுல நரம்பத் தாங்குத பாலம் சரியா நிக்காது, முடுக்காணி பிடிக்காது, பிள்ள தனக்குத்தான் வரலேன்னு நெனச்சு விட்டுருவான். மொதல்ல ஸ்கூல்லயே இரவல் உண்டான்னு கேளுங்க, பெரும்பாலும் ரெண்டு மூணு சும்மா கெடக்கும். வாங்கத்தான் வேணும்னா அவன இடது கைய நேரா நீட்டச் சொல்லி, வயலின தாடைல வச்சு, அதோட சுருள் தலய உள்ளங்கையால வளைச்சுப் புடிக்க முடியுதான்னு பாருங்க, முழங்கை லேசா மடங்கி முடிஞ்சா முழு சைஸ், எட்டலேன்னா முக்கால் சைஸ். ஒம்பதாப்பு பயலுக்கு பெரும்பாலும் முழு சைஸ் சரியா வரும், உங்க வீட்டுக்காரர் உசரம்னா சந்தேகமே வேண்டாம். அந்த பேப்பர்ல கையெழுத்து போட்டு அனுப்பும்போது பையில பென்சில் ரெண்டா வச்சு விடுங்க, ஒண்ண பக்கத்து பய வாங்கிட்டு திருப்பித் தர மாட்டான்.